வறட்சியைத் தாங்கும் புழக்கடைத் தோட்டம்

காஞ்சிபுரத்திலும் அதனைச் சூழ்ந்த நெசவு ஊர்களிலும் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இதனை வறண்ட சீமை என்று எவரும் கூறார். ஆயினும் மாசி பிறந்ததும் புழக்கடைச் செடிகள் வாடத் தொடங்குகின்றன. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுவதும், தை முதல் வைகாசி வரை வானத்தை நோக்கி இருக்க நேர்வதுமே இதற்குக் காரணமாகும்.

ஆகவே, நம் பகுதிக்குரிய செடி வறட்சியை மட்டும் தாங்கினால் போதாது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இம்மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சிக்குள்ளானதாக அறிவிக்கப்பட்டது. வெள்ளம், காற்று, வறட்சி ஆகிய மூன்றும் பதினைந்து மாதங்களுக்குள் ஒரே தோட்டத்தைத் தாக்கின. இம்மூன்றுக்கும் ஈடுகொடுப்பதையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்றங்காலில் பூத்து நிற்கும் அழகைக் கண்டு செடி வாங்குவோர், கோடையில் வீட்டுப் பெண்மக்களின் இடுப்பில் குடத்தை ஏற்றுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

செடியின் தன்மையை வேரும் இலையும் கூறிவிடும். முருங்கையை எடுத்துக்கொள்வோம். விதையிலிருந்து வளரும் முருங்கைக்குக் கிழங்கு போல் பருத்த ஆணிவேர் இறங்குகிறது. அதில் நீர் சேமிக்கப்படுகிறது. கொம்பை வெட்டி நட்ட முருங்கைக்கு இந்த ஆணிவேர் இல்லை. விரைவில் காய்க்கும் என்று கருதிக் கொம்பு நடுவதே நம்மவர் வழக்கம். வறட்சிக்கு அது ஏற்றதன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 இரகத்தை விதையாகவே, ஒன்றரை அடிக் குழியில், இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் நலம். பையில் நெடுநாள் வைத்த கன்றின் வேர் சுருண்டுவிடும். அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மரம் தாழ்ந்து வளரும். காற்றில் கிளை முறியும் அச்சமும் குறையும். ஆனால் தேங்கிய நீரை முருங்கை சகியாது. ஏரிப் பாசன நிலங்களை ஒட்டிய களிமண்ணில் ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுதல் இன்றியமையாதது. வறட்சியைத் தாங்கும் செடிகளுள் பல நம் ஊரில் கோடையில் மடிவதில்லை. கார்த்திகையில் வேரழுகி மடிகின்றன.

சீத்தா கோடையில் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பட்டுப்போயிற்று என்று வெட்டிவிட வேண்டாம். ஆடு அதன் தழையைத் தீண்டாது என்பது வேலியில்லாத வீட்டாருக்கு ஒரு வசதி. பிரண்டையும் கற்றாழையும் இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பவை. சுவரோரத்தில் கிடந்தே பிழைக்கும். சிவன் கோயில்கள் நிறைந்த ஊராதலின் வில்வத்தையும் அரளியையும் சொல்ல வேண்டும். அரளியின் இலை தடித்தது; இலைத்துளைகள் அடிப்புறக் குழிகளில் மறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. பூ விலையேறும் கோடைத் திருவிழாக் காலத்திலும் பூக்கும். எனினும் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடு கட்டும் இடத்திலும் அதனை வைத்தல் கூடாது. மல்லிகையை வேண்டாம் என்று சொல்ல நமக்கே மனம் வரவில்லை. பாத்திரம் துலக்கும் இடத்தருகே ஒரு செடி இருக்கட்டும்.

வறட்சியைத் தாங்கும் செடியும் முதல் இரண்டு கோடைகளில் நீரை வேண்டும். மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, துணித்திரி செருகி, கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், நீர் வேரில் மெல்லக் கசியும். மேலே சருகும் தேங்காய் மட்டையும் பரப்ப வேண்டும்.

நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். குழித்தறி இருக்கும் அறைச் சுவரையொட்டிப் பாத்தி கட்டலாகாது. ஈரம் தறிக்குழிக்குள் ஊறி நூலைக் கெடுக்கும். தறிக்கு வெளிச்சம் தரும் சன்னலை மறைத்தும் மரம் வைக்கலாகாது. பட்டுநூலின் பசை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீரையோ, சாயம் கலந்த நீரையோ செடிக்கு ஊற்றுவோர் உளர். சோடாவின் உப்பு களிமண்ணை இறுகச் செய்கிறது. பின்னர் மழைநீரும் உள்ளே இறங்காது. அரிசி, காய்கறி கழுவிய நீரே போதுமானது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கன்று வழங்க எண்ணினால் புரட்டாசிக்குள் வழங்கிவிட வேண்டும். விழா நாளை எதிர்நோக்கித் தை மாதத்தில் கொடுக்கப்படும் கன்று, வேர் பிடிக்கும் முன்பே வெயிலைச் சந்திக்கிறது.