எழுபதில் சிதறியவர்கள் அல்லர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. உழைப்பு தெரிகிறது. ஆனால், "கி.பி. 70-இல் டைட்டஸ் ஜெருசலேம் கோயிலை எரித்தான், யூதர்கள் நாட்டைவிட்டு விரட்டப்பட்டு உலகெங்கும் சிதறினார்கள்" என்று எழுதிவிட்டாயே! மேடையிலும் பத்திரிகையிலும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன வாக்கியம் இது. கோயில் எரிந்தது உண்மை. சிதறல் அன்று தொடங்கியது என்பது உண்மையில்லை.

கி.மு. 59-இல் ரோமில் சிசரோ ஒரு வழக்கில் வாதாடினார். கட்சிக்காரர் ஃபிளாக்கஸ், ஆசிய மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். அங்கிருந்த யூதர்கள் ஜெருசலேம் கோயிலுக்கு அனுப்பவிருந்த பொன்னைப் பறிமுதல் செய்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அபமேயா என்ற ஒரே ஊரில் பிடிபட்ட பொன் ஏறக்குறைய நூறு ராத்தல்! ரோம் நகரிலேயே யூதர்கள் எவ்வளவு பெரிய கூட்டம் என்று சிசரோ அந்த உரையில் முணுமுணுக்கிறார். டைட்டஸ் பிறக்க இன்னும் நூறாண்டு கிடக்கிறது. அலெக்சாண்டிரியாவின் ஐந்து பகுதிகளில் இரண்டு யூதர்களுடையவை என்று அந்நகரத்து ஃபிலோ எழுதியதும் கோயில் எரியுமுன்தான். யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட கதை அதற்கும் ஆறு நூற்றாண்டு பழையது.

எல்லாவற்றிலும் வலுவான சான்று என்று நான் கருதுவது ஒரு வரி. யூத ஆண்கள் ஆண்டுதோறும் தங்கள் கோயிலுக்குச் செலுத்திய அரை ஷெக்கேல் காணிக்கையை, போருக்குப் பின் பேரரசன் வெஸ்பாசியன் ரோமின் ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பிவிட்டான். பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. மேல் எகிப்தின் எட்ஃபூவில் அந்த வரிக்கான ரசீதுகள் கிடைத்திருக்கின்றன. காகிதமில்லை, பாப்பிரஸுமில்லை, உடைந்த பானை ஓட்டில் மையால் கிரேக்கத்தில் எழுதியவை. கட்டியவர் பெயர், தகப்பன் பெயர், தொகை, பேரரசரின் ஆட்சியாண்டு, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்திலேயே நைல் கரையோர ஊர் ஒன்றில் குடும்பம் குடும்பமாக வரி கட்டுகிறார்கள் என்றால், நேற்று ஓடிவந்த அகதிகளா அவர்கள்? வரிப் பட்டியல் போடுமளவுக்கு வேரூன்றிய குடிகள். எகிப்தில் மூன்று வயதுக் குழந்தைக்கும் இந்த வரி உண்டு. பேரரசன் டொமிஷியன் காலத்தில் இந்த வரிக்காகத் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரின் ஆடையைக் களைந்து, விருத்தசேதனம் செய்தவரா என்று சபை நடுவே சோதித்ததை இளம் வயதில் நேரில் கண்டதாக ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ரோமில் டைட்டஸின் வெற்றி வளைவையே வர்ணித்துக்கொண்டிருப்பது என்ன வரலாறு?

எட்ஃபூ ஓடுகள் 116-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. எகிப்து, சிரீனி, சைப்ரஸ் யூதர்களின் எழுச்சியும் அதை ரோம் நசுக்கிய விதமும்தான் காரணம்.

70-இன் கொடுமையை நான் குறைத்துச் சொல்வதாக எண்ணாதே. அந்தப் போரில் சிறைப்பட்டவர்கள் 97,000 பேர் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், எகிப்தின் சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், அரங்குகளில் மிருகங்களுக்கு இரையானவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் யூதேயாவை உண்மையில் வெறுமையாக்கியது யூதர்களின் பர் கோக்பா எழுச்சியைப் பேரரசன் ஹாட்ரியன் ஒடுக்கிய 132–135 போர். சண்டையில் மட்டும் மாண்டவர்கள் 5,80,000 என்று காஸியஸ் டியோ சொல்லும் கணக்கில் மிகை இருக்கலாம். அழிவில் மிகை இல்லை. ஜெருசலேமுக்குள் யூதர் கால்வைக்கத் தடை வந்தது, மாகாணத்தின் பெயரே மாறியது. அப்போதும் கலிலேயாவில் அவர்கள் இருந்தார்கள். யூதச் சட்ட நூலான மிஷ்னா தொகுக்கப்பட்டது அங்கேதான், 200-ஆம் ஆண்டையொட்டி.

யோசேபஸின் 'யூதப் போர்' பல ஆண்டுகளாக என் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. மேற்கோள் காட்டுபவர்கள் பலர் ஆறாம் நூலில் கோயில் எரிந்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள். ஏழாம் நூலில்தான், யூதர் எங்கு வசித்தாலும் இந்த வரி உண்டு என்ற செய்தி வருகிறது. எங்கெங்கும் ஏற்கெனவே இருந்தவர்கள்மேல்தான் அப்படி ஓர் ஆணை போட முடியும். அந்நூலைக் கடைசிப் பக்கம் வரை படி. படித்த பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்