யூரியா மூட்டையும் மாட்டுத் தொட்டியும்

பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்யும் ஆலை நெய்வேலியில் 1966-ஆம் வருஷம் தொடங்கிற்று. பின்னர் அது மூடப்பட்டது. எனினும் திருவதிகைப் பக்கத்துச் சங்க அங்கத்தினருக்கு யூரியா பழகின சரக்கேயாம்.

நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜனுள்ள இவ்வுரம் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கட்டியாகிவிடும். ஆதலின் 45 கிலோ மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகையின்மீது அடுக்குதல் வேண்டும். கிணற்றிலிடும் பிளீச்சிங் பவுடரை அருகே வைக்கலாகாது. இரண்டுங் கலந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும்.

பெரிய அபாயம் மாடுகளுக்கே. யூரியா பார்வைக்கு உப்பைப் போன்றது. அதைக் கரைத்த வாளியைக் கழுவாது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோர் உளர். மிகுதியாக உட்சென்ற யூரியா இரைப்பையில் விரைவில் அம்மோனியாவாக மாறும். வயிறு உப்பி, உடல் நடுங்கி, சில மணி நேரத்துள் மாடு இறக்கவுங்கூடும். சங்கக் கடனில் வாங்கிய மாடாயின், மாடு போய்த் தவணை மட்டும் நிற்கும்! காலிச் சாக்கில் தவிடு, பிண்ணாக்குக் கட்டுவதும் கூடாது. மாடு குடித்துவிட்டதாகச் சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில், நடுக்கங் காணும்வரை காத்திராது கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும்.