நூறாண்டு மழை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்கு நிம்மதியா?

கேள்வி: எங்களுக்குக் கடம்பூர்ப் பக்கம் மானாவாரி விவசாயம். 2023 டிசம்பர் மழையில் உளுந்தும் மக்காச்சோளமும் அழுகிப்போயின. நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் இப்படிப் பெய்யும் என்றார்கள். "அதான் வந்துட்டுப் போயிருச்சே, இனி நம்ம காலத்துல வராது. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுறது வீண்" என்கிறார் அண்ணன். சரிதானா?

பதில்: சரியில்லை. எந்த ஒரு வருஷத்தை எடுத்தாலும் அப்படிப்பட்ட மழைக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை' என்பதற்கு அவ்வளவுதான் பொருள். ஒரு வருஷம் பெய்துவிட்டது என்பதற்காக அடுத்த வருஷத்தின் பங்கு குறையாது.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய 16 விதங்களில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. இப்போதுதான் தாயம் போட்டவருக்கும், வெகுநேரமாக விழாமல் காயை இறக்க முடியாமல் தவிப்பவருக்கும் அடுத்த உருட்டலில் அதே எட்டில் ஒன்றுதான். முன்னால் என்ன விழுந்தது என்பது கட்டைக்குத் தெரியாது.

கணக்குப் போட்டால், அடுத்த 30 வருஷத்தில் ஒருமுறையாவது அப்படிப்பட்ட மழை பெய்ய நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் காலத்திலேயே மறுபடி வரலாம்.

மழை முழுக்கத் தாயக்கட்டை மாதிரி இல்லை என்பதும் உண்மை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை கூடுவது வழக்கம். 2023 அப்படியொரு ஆண்டு. வாய்ப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுவது கடலின் நிலையால்தான், முன்பு பெய்ததைக் கழித்துக்கொண்டு அல்ல. அந்த 'நூறு' என்ற எண்ணும் பழைய மழைப் பதிவுகளிலிருந்து வந்தது. அந்த டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய பிறகு அந்தக் கணக்கையே திரும்பப் போட வேண்டும். கடல் சூடாகிவரும் காலத்தில் அந்த இடைவெளி நூறைவிடக் குறைவாக இருக்கவும் கூடும்.

இன்னொன்றை அண்ணனிடம் சொல்லுங்கள். காப்பீடு வெள்ளத்துக்கு மட்டுமல்ல, வறட்சிக்கும்தான். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. கரிசலில் அந்தப் பயம்தானே பெரிது? பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி பருவத்து உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் விவசாயி பங்கு 1.5 சதவீதம், 10,000 ரூபாய்க்கு 150 ரூபாய். விஏஓவிடம் அடங்கல் வாங்கி, கடைசி நாள் நெருக்கடிக்கு விடாமல் இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.