மலிவு விலை மின்வழங்கி: பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

கடையில் இரண்டு மின்வழங்கிப் பெட்டிகள் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் ‘500 வாட்’ என்று பெரிதாக அச்சிடப்பட்டுள்ளது. ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லை. படிக்கும் பிள்ளைக்காகக் கணினி பொருத்த நினைக்கும் குடும்பம் பெரும்பாலும் விலை குறைந்ததையே எடுக்கும். செயலிக்கும் நினைவகத்திற்கும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஒரு மூலையில் கிடக்கப்போகும் இந்த இரும்புப் பெட்டிக்கு எதற்கு அதிகப் பணம் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், கணினியின் மற்ற பாகங்கள் எல்லாம் இந்தப் பெட்டியிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. இது மோசமாகப் பழுதானால் தாய்ப்பலகையும் வன்தட்டும் சேர்ந்தே போகலாம். வன்தட்டில் உள்ள பள்ளி இடுபணிகளும் குடும்பப் படங்களும் அதோடு போய்விடும். சிக்கனமாக வாங்குவதில் தவறில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மின்வழங்கி செய்யும் வேலை

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணினியின் பாகங்களுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்த்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதே மின்வழங்கியின் வேலை. ஏடிஎக்ஸ் தரவிதியின்படி இந்த அளவுகள் 5 விழுக்காட்டிற்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது, 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். அதில் எழும் சிற்றலையும் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. தரமற்ற மின்வழங்கியில் சுமை கூடும்போது இந்த எல்லைகள் மீறப்படும். கணினி காரணமின்றி அணைந்து மீண்டும் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

12 வோல்ட் வரியைப் படியுங்கள்

இன்றைய கணினியில் செயலியும் வரைகலை அட்டையும் 12 வோல்ட்டிலிருந்தே சக்தியை எடுக்கின்றன. ஆகவே, மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள்.

முதல் பெட்டியில் 38 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 38 = 456 வாட். ‘500 வாட்’ என்ற பெயருக்கு இது பொருத்தமானது. இரண்டாம் பெட்டியில் 17 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 17 = 204 வாட் மட்டுமே. மீதி வாட் எல்லாம் கணினி அதிகம் பயன்படுத்தாத 5, 3.3 வோல்ட் பக்கம் கணக்குக் காட்டப்பட்டிருக்கும். அட்டவணையே இல்லாத மின்வழங்கியைத் தொட வேண்டாம்.

நமக்கு எவ்வளவு தேவை?

ஒரு நடுத்தரக் கணினியை எடுத்துக்கொள்வோம். செயலி முழு வேகத்தில் 90 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டை 115 வாட், தாய்ப்பலகை, நினைவகம், தட்டு, விசிறி எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 255 வாட். திடீர் ஏற்றத்திற்கும் இடம் விட்டால் நல்ல 450 அல்லது 550 வாட் மின்வழங்கி தாராளம். வரைகலை அட்டை இல்லாத கணினிக்கு இன்னும் குறைவாகவே போதும். பொய்யான 750 வாட்டைவிட உண்மையான 450 வாட் மேல்.

80 பிளஸ் சொல்வதும் சொல்லாததும்

80 பிளஸ் முத்திரை 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம். எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை அது காட்டுகிறது. கணினிக்கு 200 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 85 விழுக்காட்டுத் திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 235 வாட் எடுக்கும். 35 வாட் வெப்பமாகும். 70 விழுக்காடு என்றால் 286 வாட் எடுக்கும். 86 வாட் வெப்பமாகும். மின்கட்டணமும் கூடும், பெட்டியும் சூடாகும்.

எனினும், இந்த முத்திரை பாதுகாப்புக்கான சான்று அன்று. சிற்றலையையோ பாதுகாப்புச் சுற்றுகளையோ அது அளப்பதில்லை. சோதனையும் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நடக்கிறது. குளிர்சாதனம் இல்லாத நம் அறைகள் அதைவிடச் சூடானவை.

வெப்பமும் ஆயுளும்

மின்வழங்கியில் முதலில் தளர்வது பெரும்பாலும் மின்தேக்கிகளும் விசிறியும்தான். மின்தேக்கியின் உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

105 பாகையில் 2,000 மணி நேரம் தாங்கும் மின்தேக்கி, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 11 ஆண்டுகள். 85 பாகைக்கு மட்டும் தரமிடப்பட்ட மலிவான மின்தேக்கியோ அதே சூட்டில் 8,000 மணி நேரமே தாங்கும். மூன்று ஆண்டுகூட நிறையாது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்பதற்குக் காரணம் இதுவே. ஓராண்டு உத்தரவாதத்தைவிட மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

மிகை மின்னழுத்தம், மிகைச் சுமை, குறுக்குச் சுற்று, மிகை வெப்பம் ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பு உண்டா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். ஆபத்து வந்தால் தானாக அணைந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றுபவை இவைதாம்.

பின்புறம் 115/230 என்ற சிறிய சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. 115இல் வைத்து நம் மின்சாரத்தில் பொருத்தினால் உள்ளே பாகங்கள் வெடிக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்கும் வகையே நல்லது.

கழற்றி மாட்டும் கம்பிகளை வேறொரு மின்வழங்கியில் பயன்படுத்தாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். வன்தட்டு ஒரு நொடியில் கருகிவிடும். சுவரில் செருகும் மூன்று முனைக் கம்பியில் மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்புக் குறியும் உள்ளனவா என்று பாருங்கள்.

பழுதான மின்வழங்கியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பெட்டியைத் திருப்பி, 12 வோல்ட் வரியைப் பெருக்கிப் பாருங்கள். பணம் குறைவாக இருந்தால் செயலியில் ஒரு படி இறங்குங்கள். மின்வழங்கியில் இறங்க வேண்டாம். செயலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கருகிய வன்தட்டில் இருந்ததை மீட்பது அவ்வளவு எளிதன்று.