அட்டையில் மிஞ்சிய நான்கு மாத்திரைகள்

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருபவை, செரட்டோனின் மீளுறிஞ்சலை மட்டும் தேர்ந்து தடுக்கும் மாத்திரைகளே. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூஆக்சடின் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. செரட்டோனின் என்பது ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள். அதை வெளியிட்ட அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை மாத்திரை அடைப்பதால், இரு அணுக்களுக்கும் இடையே அது கூடுதல் நேரம் தங்குகிறது. இந்த அடைப்பு சில மணி நேரத்தில் நிகழ்ந்துவிட்டாலும், மூளை அதற்கேற்ப மெல்லவே மாறுவதால், மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. குமட்டலும் தலைவலியும் தூக்கக் கேடுமோ முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. தொல்லை முந்திப் பலன் பிந்தும் இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகின்றனர்.

சென்ற முறை மருமகள் வந்திருந்தபோது, தேதிப்படி தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் நான்கு மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தது அத்தையின் கண்ணுக்குத் தப்பவில்லை. மனத்திடம் இருந்தால் மாத்திரை எதற்கு என்னும் பேச்சு இக்குடும்பத்துக்குப் புதியதன்று. சித்தப்பாவின் மாத்திரையைப் பதினைந்தாம் நாளே நிறுத்தவைத்தது அந்தப் பேச்சுத்தான். தம் இரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருவேளையும் தவறவிடாதவர்களே அதைச் சொன்னார்கள். பின்னர் அவர் பட்ட பாட்டைச் சோம்பல் என்றும் அவர்களே சொன்னார்கள்.

தொடர்வதா விடுவதா என்பது மருமகளின் முடிவே. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர் உணர்வும், எரிச்சலும் வரக்கூடும் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே முறை. நோய் திரும்பாதிருக்க, நலமான பின்னும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வது வழக்கம். 25 வயதுக்கு உட்பட்டோருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், மனம் நிலைகொள்ளாமல் தவித்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு மாத்திரை ஒத்துவராவிட்டால் வேறொன்றும், மனநல ஆலோசனையும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து மருமகள் எம்முடிவுக்கு வந்தாலும் சரியே, மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஒன்றைத் தவிர.

கடிதம் பாடமாகிவிட்டதற்கு மருமகள் கோபிக்கலாகாது. எடுத்துப்போக மறந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியிலேயே இருக்கிறது. அதை வேறு எவரும் தொடுவதற்கில்லை. அத்தையின் கைப்பேசி இரவிலும் தலைமாட்டிலேயே இருக்கும். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாது, சாப்பிட்டாயிற்றா என்பது மட்டுமே கேட்கப்படும்.

என்றும் அன்புடன்,
அத்தை