நாள் குறிக்கும் இயந்திரமா?

அன்புள்ள கயல்விழி,

மூளைக் கட்டி வந்தவர் எத்தனை நாள் இருப்பார் என்று ஏ.ஐ. சொல்லிவிடுமாமே, அது உண்மையா, உண்மையென்றால் அது நல்லதா என்று கேட்டு எழுதியிருந்தாய். கணினி படிக்கப் போகிறவள் இரண்டாவது கேள்வியையும் கேட்டதில் சித்தப்பாவுக்கு மனநிறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நோயைத் தெரிந்துகொள். பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டிகளில் அதிகம் காணப்படுவது கிளியோபிளாஸ்டோமா. அதிகம் என்றாலும், அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் மூவருக்குத்தான் வருகிறது. கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஊடுருவிப் பரவும். எவ்வளவு கவனமாக அறுவை செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை அழிக்க ரேடியேஷனும் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரையும் கொடுக்கிறார்கள். இந்தச் சிகிச்சையை நிலைநாட்டியது ரோஜர் ஸ்டப் குழுவினர் 573 நோயாளிகளிடம் நடத்தி, 2005-இல் வெளியிட்ட ஆய்வு. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம்.

இந்த 14.6 என்ற எண்ணை வேகமாகக் கடந்து போய்விடாதே. இடைநிலை என்றால், பாதிப் பேர் அதற்குள் இறந்தார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டினார்கள் என்று பொருள். அதே மாத்திரைக் குழுவில் 26.5 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டையும் தாண்டினார்கள். ஐந்து ஆண்டைத் தாண்டியவர்கள் 9.8 விழுக்காடு. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுவார் என்பதுதான் மருத்துவருக்குத் தெரியாது. அதைத்தான் இயந்திரத்திடம் கேட்டுப் பார்க்கிறார்கள்.

இயந்திரம் பார்ப்பது எம்.ஆர்.ஐ. படங்களை. கையில் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுவிட்டு எடுக்கும் படத்தில், கட்டி பெரும்பாலும் வெள்ளை வளையமாகத் தெரியும். மூளையின் ரத்தக் குழாய்களுக்கு ஒரு காப்புச் சுவர் உண்டு. கட்டி அதைச் சிதைத்த இடங்களில் மருந்து கசிந்து வெளுத்துக் காட்டுகிறது. வளையத்தின் நடுவிலுள்ள கறுப்பு, ரத்தம் போதாமல் செத்துப்போன திசு. டி2 என்ற வேறு வகைப் படத்தில், சுற்றியுள்ள வீக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். வளையத்தின் தடிமன், வீக்கத்தின் பரப்பு, கட்டி இருக்கும் இடம் எல்லாமே இயந்திரத்துக்கு எண்கள்தான்.

இந்த எண்களிலிருந்து ஆயுளைக் கணிக்கும் முயற்சி புதிதல்ல. பிராட்ஸ் என்ற பன்னாட்டுப் போட்டி 2012-இல் தொடங்கியது. கட்டியின் எல்லையை வரைவதுதான் அதன் முதல் நோக்கம். 2017 முதல் 2020 வரை இன்னொரு பணியும் கொடுத்தார்கள்: அறுவைக்கு முந்தைய ஸ்கேனைப் பார்த்து, நோயாளி 10 மாதத்துக்குள் இறப்பாரா, 10 முதல் 15 மாதம் வரை இருப்பாரா, 15 மாதத்தைத் தாண்டுவாரா என்று சொல்ல வேண்டும். எல்லை வரைவதில் இயந்திரங்கள் அசத்தின. ஆயுள் கணிப்பில் முன்னணியில் வந்தவர்களே சுமார் 60 விழுக்காட்டைத்தான் எட்டினார்கள். பெரிய பெரிய நியூரல் நெட்வொர்க்குகளைவிட, நோயாளியின் வயதையும் நாலைந்து அளவுகளையும் வைத்துப் போட்ட எளிய கணக்கு பல இடங்களில் நன்றாக வேலை செய்தது. நீ மாடல் எழுதத் தொடங்கும் நாளில் இதை நினைவில் வை.

இப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களின் வேலைக்கு வருகிறேன். இவர்கள் கேள்வியையே சுருக்கிக்கொண்டார்கள். ரேடியேஷன் முடிந்தபின் எடுத்த ஸ்கேனைப் பார்த்து, இந்த நோயாளி அடுத்த எட்டு மாதத்தைத் தாண்டுவாரா என்று மட்டும் கேட்டார்கள். பிரிட்டனின் 11 மையங்களிலிருந்து 206 நோயாளிகள். அவர்களில் 158 பேரின் படங்களைக் காட்டி மாடலைப் பழக்கினார்கள். மீதி 48 பேரை வைத்துச் சோதித்தார்கள். கிடைத்த மதிப்பெண் 0.93.

இதை 93 விழுக்காடு சரி என்று படித்துவிடாதே. எட்டு மாதத்தைத் தாண்டிய ஒருவரையும் தாண்டாத ஒருவரையும் ஜோடியாக எடு. யாருக்கு ஆபத்து அதிகம் என்று மாடல் சரியாக வரிசைப்படுத்த வேண்டும். இப்படி நூறு ஜோடி எடுத்தால் 93-இல் சரியாகச் சொல்கிறது என்பதே அந்த 0.93. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 0.5 கிடைத்துவிடும். ஆகவே இது பெரிய எண்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளியிடம் போய் ‘உங்களுக்கு இத்தனை மாதம்’ என்று சொல்லும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு எண். மாடலை நேராக 158 பேரின் படத்தில் பழக்கியபோது மதிப்பெண் 0.64 மட்டுமே. அதற்கு முன்பே பல்லாயிரம் மூளை ஸ்கேன்களைக் காட்டி, இயல்பான மூளை எப்படியிருக்கும், கோளாறுள்ள மூளை எப்படியிருக்கும் என்று கற்றுக்கொடுத்த பிறகுதான் 0.93-க்கு ஏறியது. அரிய நோய்க்குப் படங்கள் எப்போதும் குறைவாகவே கிடைக்கும். அந்தக் குறையைப் பொதுவான மூளைப் படங்களைக் கொண்டு ஈடுகட்டியிருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிக நல்ல யோசனை இது.

இன்னொரு வழி, பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்ப்பது. நோயாளியின் படங்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போகாமல், மாடல் மட்டும் ஊர் ஊராகப் போய்க் கற்றுவரும் முறை இருக்கிறது. 2022-இல் வெளியான ஒரு வேலையில் ஆறு கண்டங்களின் 71 மையங்கள், 6,314 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகள். அது கட்டியின் எல்லையை வரைவதற்கானது. ஆயுள் கணிப்புக்கும் இதே வழிதான் வேண்டும் என்பது என் கருத்து. 48 பேரிடம் வென்ற மாடல், வேறு ஸ்கேன் மெஷின் உள்ள வேறு ஊரில் தடுமாறலாம்.

இனி உன் இரண்டாவது கேள்வி. எட்டு மாதம் என்று தெரிந்து என்ன பயன்? ரேடியேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் மருத்துவரையே குழப்பும். கட்டி வளர்ந்தது போலவே தெரியும். உண்மையில் அது சிகிச்சையால் வந்த வீக்கமாக இருக்கலாம். எது என்று தெரிய அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டும். 14 மாதம் என்பதே இடைநிலையாக உள்ள நோயில் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது பெரிய இழப்பு. முதல் சிகிச்சை யாருக்குப் பலிக்கவில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் அவரை அடுத்த மருந்துக்கோ புதிய சிகிச்சைச் சோதனைக்கோ உடனே மாற்றலாம். அப்படி மாற்றுவதற்கு உதவுகிற கணிப்பை நான் முழுமனதாக வரவேற்கிறேன்.

அதே கணிப்பு சிகிச்சையை நிறுத்தவும் காரணமாகலாம், கயல். மாடல் ‘குறைந்த ஆயுள்’ என்கிறது, மருத்துவமனை கைவிடுகிறது, நோயாளி சீக்கிரம் இறக்கிறார், மாடல் சொன்னது சரி என்று பதிவாகிறது. அடுத்த மாடல் அந்தப் பதிவிலிருந்தே கற்கிறது. இந்தச் சுழலைக் கணக்கில் பிடிப்பது கடினம், அதனால்தான் பயமாக இருக்கிறது. கணிப்பைப் பார்த்த பிறகு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று எழுதிவைக்காத எந்த மருத்துவமனையிலும் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பேன்.

நோயாளியிடம் அந்த எண்ணைச் சொல்லலாமா? சிலர் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். மகள் கல்யாணத்தை முன்னே வைக்க, வீட்டுப் பத்திரத்தை மாற்றி எழுத. சிலர் கேட்கவே மாட்டார்கள். இரண்டும் அவரவர் உரிமை. நம் வீடுகளில் மகனையோ மருமகனையோ தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நோயாளியை மட்டும் விட்டுவிடுகிறோம். அது தவறு. நாளை நீ இப்படியொரு மென்பொருள் எழுதினால், ‘இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?’ என்று நோயாளியிடமே கேட்டு, அவர் பதிலைப் பதிவு செய்த பிறகுதான் எண் திரைக்கு வர வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா