விழுப்புரத்திலிருந்து சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பாடு, அங்கே காலை 6.10-க்கு இறங்குவது என்று இருக்கிறது. ஏழு மணி நேரமா என்றால், நாலரை மணிகூட ஆகாது என்கிறான். திரும்பும்போது இரவு 8.00-க்கு ஏறி 9.40-க்கே சென்னை வந்துவிடுகிறோமாம்! எதை நம்புவது? திண்டிவனத்திலிருந்து தங்கையும் வருகிறாள். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி, அம்மா. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை 6.10 என்றால் விழுப்புரத்தில் 3.40. ஆக, போக 4 மணி 25 நிமிடம். திரும்பும்போது அதே இரண்டரை மணியைக் கூட்டிப் பாருங்கள், 4 மணி 10 நிமிடம் வரும். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர்.

சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டு ஊருக்கும் ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. மலேசியாவோடு ஒத்துப்போக 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. இறங்கியதும் இருட்டாக இருந்தால் பதற வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். நம் வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1958-ல் விளக்கிய காற்று இது. அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சில நிமிடங்கள் கூடும், குறையும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வானத்தைப் பற்றி அல்ல, ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 8.15-க்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை சிக்கல் இல்லை. கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் பக்கம் மாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். திண்டிவனம் வழியில்தான் இருக்கிறது, தங்கையை ஐந்து மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். ஆக, வீட்டுவாசலிலிருந்து சிங்கப்பூர் மண் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பறப்பது அதில் பாதிகூட இல்லை.

சாமான் குறைவென்றால் ரயிலில் தாம்பரம் போய் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தமான திரிசூலத்தில் இறங்கலாம். எதிரிலேயே விமான நிலையம். பேருந்து என்றால் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், அங்கே வண்டி மாற வேண்டும். இரண்டு பெட்டியோடு உங்கள் வயதில் அதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை திருச்சியையும் பாருங்கள். அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. விழுப்புரத்துக்குச் சென்னையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், உளுந்தூர்பேட்டை வழியில் நெரிசலும் குறைவு. தங்கைக்கு மட்டும் சென்னைதான் கிட்ட.

விசா இருந்தாலும், சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மகனையே நிரப்பச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.